வி-கிராஸை 4 இஞ்ச் தூக்கலாமுங்களா? லோடோட இட்டேரியில அடி தட்டுது

சேத்துமடை_தோப்பு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற வண்டி 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஃபோர் வீல், 2.5 இஞ்சின். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. தோட்டம் சேத்துமடையில இருந்து உள்ள தள்ளி, தார் ரோட்டை விட்டு எறங்குனா சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) ஒன்னரை கிலோமீட்டர் இட்டேரி, ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, மாட்டு வண்டி காலத்துல இருந்து தேஞ்சு தேஞ்சு சக்கரத்தடம் ரெண்டும் பள்ளமா போயி நடுவுல மேடு மட்டும் நிக்குது, அதுலயும் அங்கங்க பாறை முதுகு தெரியும். அதைத் தாண்டுனா ஒரு பள்ளம், மழை பேஞ்சா முழங்கால் தண்ணி ஓடும், ஏறுற பக்கம் உருண்டைக் கல்லா கெடக்கும்.

வெறும் வண்டியா போனா ஒரு சத்தம் இல்லீங்க. தேங்கா ஏத்திட்டு வரும்போதுதான் பின்னாடி டங்கு டங்குன்னு அடிக்குது. முந்தாநேத்து பொழுதோட ஒரு 800 கிலோ கிட்ட ஏத்திட்டு வந்தனுங்க, பாறை மேல ஏறி அப்படியே உக்காந்துருச்சு, பின் சக்கரம் ஒன்னு சும்மா சுத்துது, வண்டி இக்கட்டயும் போகல அக்கட்டயும் போகல, பக்கத்து தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டாங்க. அப்பா கூட உக்காந்திருந்தாரு, ஒரு வார்த்த பேசல, எறங்கி டார்ச் அடிச்சுகிட்டு நடந்தே சாளைக்கு போயிட்டாரு. அவருக்கு 71 வயசு. எனக்கு அதுதான் நெம்ப வெசனமா போச்சுங்க.

கோயமுத்தூர்ல ஒரு கடையில விசாரிச்சேன். முன்னாடி ஸ்பேசர் வட்டு, பின்னாடி பிளாக் கட்டை, அரை நாள் வேலை, 4 இஞ்ச் தூக்கிக் குடுத்தர்றோம்னாங்க. வீடியோல ஆஸ்திரேலியாக்காரங்க இதே வண்டிய தூக்கி ஆத்துக்குள்ள எல்லாம் எறக்கறாங்க. இங்க யாராச்சும் லோடு ஓட்டுற வண்டிக்கு பண்ணியிருக்கீங்களா? 4 இஞ்ச் போலாமா, கம்மியா போறதா? பண்ணினா வேற எது எது மாத்தோணும்? வாரத்துல ரெண்டு நாள் பொள்ளாச்சிக்கு லோடு, மாசம் ஒருக்கா குடும்பத்தோட வெளியூரு, எல்லாம் இதே வண்டிதானுங்க.

---

சங்ககிரி_பட்டறை:

தம்பி, கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, காசு செலவில்லாத வேலை. தண்ணி கம்மியா விட்டு சுண்ணாம்பை கெட்டியா கரைச்சு வண்டிக்கு அடியில ஹவுசிங் (பின் அச்சு உள்ள இருக்கற கூடு), யூ போல்ட் (அச்சையும் ஸ்பிரிங் பட்டையையும் சேத்துப் புடிக்கிற போல்ட்) தட்டு, பின்னாடி கொக்கி, கியர் பாக்ஸ் காப்பு தகடு எல்லாத்துலயும் பூசுங்க. காஞ்சதும் லோடோட அந்த இட்டேரியில மெதுவா ஒரு நடை போயிட்டு வந்து குனிஞ்சு பாருங்க. சுண்ணாம்பு எங்க வழிச்சிருக்குதோ அங்கதான் உங்க வியாதி. எது இடிக்குதுன்னு தெரியாம வண்டிய தூக்கறது, எந்தப் பல்லு வலிக்குதுன்னு சொல்லாம பல்லு புடுங்க போற மாதிரி.

ஏன் சொல்றேன்னா ஸ்பேசர் வச்சாலும் பிளாக் வச்சாலும் ஸ்பிரிங்குக்கு மேல இருக்கறது மட்டும்தான் ஏறும். சேசிஸ், பாடி, டேங்க், பின்னாடி பம்பர், அவ்வளவுதான். பின் ஹவுசிங் நடுவுல உருண்டையா தொங்குதே டிஃபரன்ஷியல், அது சக்கரத்தோட ஒட்டுன சாமான், 4 இஞ்ச் இல்ல 10 இஞ்ச் தூக்குனாலும் அது இருக்கற எடத்துலயேதான் இருக்கும். அதை ஒசத்தோணும்னா டயர் பெருசாகோணும், வேற வழியே இல்ல. நடு மேடுல உக்காருற வண்டிக்கு பாதி நேரம் தட்டுறது அதுதான்.

ரெண்டாவது, டேப் எடுத்து வீல் நடு மையத்துல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு வீலுக்கும் அளங்க. சமதரையில, வெறும் வண்டியா ஒருக்கா, லோடோட ஒருக்கா. டயர்ல காத்து கூடக் கொறய இருந்தாலும் இந்த அளவு மாறாது, அதனாலதான் தரையில இருந்து அளக்காம மையத்துல இருந்து அளக்கச் சொல்றது. 1,38,000 ஓடுன வண்டியில பின் பட்டை (பிளேட் ஸ்பிரிங்) செட்டு ஒக்காந்துருக்கும்னு என்ற கணக்கு. ஒக்காந்த பட்டைக்கு அடியில பிளாக் வச்சா ஒசரம் வரும், தெம்பு வராது. லோடு ஏத்துனா மறுபடியும் அதே அளவு அமுங்கத்தான் போகுது.

இப்ப 4 இஞ்ச் சங்கதிக்கு வர்றேன். முன்னாடி உங்க வண்டிக்கு ரெண்டு ஆர்ம், நடுவுல காயில் ஸ்பிரிங். ஷாக் தலைக்கு மேல 20 மில்லி வட்டு வச்சா வீல்கிட்ட 35, 40 ஏறும், ஏன்னா ஷாக் ஆர்ம் நடுவாக்குல நிக்குது, வீலு ஆர்ம் முனையில நிக்குது, ஏத்தம் எறைக்கிற மாதிரி கணக்கு. அதனால மெலிசு வட்டுதானேன்னு ஏமாந்துராதீங்க. 40 மில்லிக்கு மேல போனா மேல் ஆர்ம் பால் ஜாயின்ட் கோணம் எல்லை தட்டும், முன் டிரைவ் ஷாஃப்ட் எந்நேரமும் மடங்கியே சுத்தும், ரப்பர் பூட் மடிப்பு ஒன்னுல ஒன்னு ஒரசி கிழியும், கிரீஸ் வெளிய மண்ணு உள்ள, அப்பறம் ஜாயின்டே போச்சு. கேஸ்டர், அதாவது முன் வீல் திரும்பற அச்சோட சாய்வு, கொறையும், கொறஞ்சா தார் ரோட்டுல 80ல போகும்போது ஸ்டீரிங் நேரா நிக்காம அலையும், திருப்புனா தானா திரும்பி வராது. மேல் ஆர்மை மாத்தாம 4 இஞ்ச் தூக்கித் தர்றேன்னு சொல்றவங்க அலைன்மென்ட் மெசின்ல வண்டிய ஏத்திப் பாக்கப் போறதில்ல.

பின்னாடி பிளாக்குன்னா ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வைக்கறது. 2 இஞ்ச் வச்சா 2 இஞ்ச் ஏறும். லோடு வண்டிக்கு எனக்கு இது புடிக்காது. பள்ளத்துல இருந்து மேட்டுக்கு முதல் கியர்ல இழுக்கும்போது ஹவுசிங் தன்னையே திருகப் பாக்கும், பட்டை இங்கிலீசு எழுத்து எஸ்ஸு மாதிரி நெளியும், கட்டை எவ்வளவு ஒசரமோ அவ்வளவுக்கு அந்த திருகல் எச்சா. கட்டை மேல கட்டை அடுக்கறதை கண்ணால பாத்தாலே அந்த எடத்தை விட்டு வந்துருங்க. பட்டையோட ஒரு முனையை சேசிஸ்ல தொங்கவிடற ஷாக்கிளை நீளமா போடறதும் உண்டு, 2 இஞ்ச் நீட்டுனா 1 இஞ்ச்தான் ஏறும், ஏன்னா பட்டையோட இன்னொரு முனை சேசிஸ்ல அசையாம நிக்குது. அதுவும் ஹவுசிங்கை சாய்ச்சு விடும், பின் வீலுக்கு சுழற்சி கொண்டு போற ஜாயின்ட் ராடு கோணம் மாறி அதோட கிராஸ் ஜாயின்டும் சென்டர் பேரிங்கும் சீக்கிரம் கத்தும்.

எது பண்ணினாலும் யூ போல்ட் புதுசு. பழசு ஒருக்கா இழுபட்டுட்டா அதைத் திருப்பி முடுக்கறது தப்பு. புதுசு போட்டு 500 கிலோமீட்டர் லோடோட ஓடினதும் மறுபடியும் குறுக்கு மறுக்கா முடுக்கோணும். அளவு எடுத்துட்டு இங்கயே போடுங்க, பாத்து சொல்றேன்.

---

ஆனைமலை_நர்சரி:

தம்பி, அந்த அண்ணன் சொன்னதோட நான் பட்டதையும் சொல்றேன், கேட்டுக்கோங்க. எங்களது வேற கம்பெனி பிக்கப்பு. நாத்து, தொட்டி, மண்ணு மூட்டை எல்லாம் ஏத்துற வண்டி. எங்க வீட்டுக்காரரு மூணு வருசத்துக்கு முன்னாடி பின்னாடி 3 இஞ்ச் பிளாக்கு, முன்னாடி ஸ்பேசரு போட்டுட்டு வந்தாரு. பாக்க நெம்ப எடுப்பா இருந்துச்சு, நானும் சந்தோசமாத்தான் இருந்தேன்.

முதல்ல தெரிஞ்சது லோடு ஏத்துறவங்ககிட்ட. பின்னாடி லோடு ஏத்துற டாலா இடுப்பு மட்டத்துக்கு இருந்தது வயித்துக்கு மேல போயிருச்சு, ஈர மண்ணு மூட்டைய தூக்கி வைக்கிற பொம்பளைங்களுக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் 3 இஞ்ச் எச்சா தூக்கோணும், நாளைக்கு 150 மூட்டை. பொழுதானா அதுங்க தோளைப் புடிச்சுகிட்டு உக்காந்திருக்கறதை பாக்க எனக்கு மனசு கேக்கல. ஒரு முக்காலி போட்டு ஏறி வைங்கன்னு சொன்னோம், அது இன்னும் மோசம். உங்க தேங்கா மூட்டைக்கும் இதே கதைதான், அதை யாரும் வீடியோல சொல்ல மாட்டாங்க.

அதைவிட பெருசு பிரேக்கு. வால்பாறைக்கு நாத்து கொண்டுபோயி எறக்கிட்டு வரும்போது ஒருத்தரு வீட்டு சாமானெல்லாம் ஏத்திட்டு கீழ வந்தோம். 40 கொண்டை ஊசி வளைவு உங்களுக்கு தெரியும். அட்டகட்டி தாண்டி பாதி எறங்கறதுக்குள்ள முன் வீல்ல இருந்து கருகுன வாசம், பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போகுது. ரெண்டாவது கியர்ல புடிச்சு ஓரங்கட்டி ஒரு மணி நேரம் நிறுத்தினோம். சின்னவன் என்ற மடியில உக்காந்திருந்தான், இன்னைக்கு நெனச்சாலும் கை நடுங்குது.

அப்பறம் வேற மெக்கானிக்கிட்ட காட்டினா அவரு அடியில படுத்து ரெண்டே நிமிசத்துல கண்டுபுடிச்சாரு. பின் ஹவுசிங்குல இருந்து சேசிஸுக்கு ஒரு சின்ன ராடு போகுது, அதோட மேல் முனையில பிரேக் வால்வு. லோடு ஏத்துனா சேசிஸ் கீழ அமுங்கும், ராடு வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு எச்சா அழுத்தம் போகும். வெறும் வண்டின்னா கம்மியா போகும், இல்லாட்டி பின் வீலு பூட்டிக்கும். நாங்க 3 இஞ்ச் தூக்குனதால லோடு இருந்தும் அந்த வால்வு வண்டி காலின்னே நெனச்சுகிட்டு இருந்துருக்குது, பின் பிரேக்கு சரியா புடிக்கவே இல்ல, மலை எறக்கம் பூரா முன் பிரேக்கு ஒன்னுதான் வேலை பாத்துருக்குது. தூக்கினவங்க அந்த ராடைத் தொடவே இல்லீங்க. பிக்கப்புல நெறைய மாடலுக்கு இந்த ராடு வரும். உங்க வண்டி அடியில குனிஞ்சு பாருங்க, இருந்தா தூக்குற அளவுக்கு தகுந்த மாதிரி அதை இறக்கி செட் பண்ணாம ஒரு அடி நகத்தாதீங்க. பிரேக் ஓஸு முழுசா தொங்குற நெலையில இழுபடுதான்னும் பாக்கச் சொல்லுங்க, ஜாக்கி வச்சு சேசிஸைத் தூக்குனா வீலு தொங்கும், அப்ப ஓஸு வெறப்பா நின்னா பத்தாதுன்னு அர்த்தம்.

நாங்க அந்த வாரமே எல்லாத்தையும் கழட்டிட்டோம்.

---

மஞ்சபோர்டு_பெருந்துறை:

சட்டத்தையும் பாத்துக்கோங்க நண்பா. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.ல இருக்கற விவரத்துக்கும் மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 சனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்லாட்டி 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். மஞ்ச போர்டுன்னா முதல் 8 வருசம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருசா வருசம் எஃப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்றுக்கு) நிக்கோணும், பிளாக்கைப் பாத்தா திருப்பி அனுப்பிருவாங்க. தேஞ்ச பட்டைக்கு பதிலா கம்பெனி அளவுலயே புதுசு போடறது ரிப்பேரு, அதுல ஒரு வில்லங்கமும் இல்ல. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்கறது வண்டியில என்ன மாத்துனீங்கன்னுதான். உள்ள மூணு உசுரு உக்காந்து போற வண்டி, யோசிச்சு பண்ணுங்க.

---

கரட்டுமேடு_ஃபோர்வீல்:

நான் தூக்குன வண்டி ஓட்டறவன், அதனால தூக்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன் ப்ரோ, ஆனா என்ற வண்டி லோடு ஓட்டறதில்ல, ஞாயித்துக்கிழமை காடு மேடு சுத்தறதுக்கு மட்டும். உங்களுக்கு 4 இஞ்ச் வேண்டாம். கணக்கு போட்டு காட்டறேன். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல 1570 மில்லி, வண்டியோட எடை மையம் தரையில இருந்து 750 மில்லின்னு வைங்க. பாதி அகலத்தை ஒசரத்தால வகுத்தா 785ஐ 750ஆல, 1.05 வரும். 100 மில்லி தூக்கினா 785ஐ 850ஆல, 0.92. அதாவது வண்டி பக்கவாட்டுல கவுறறதுக்கு முன்னாடி தாங்குற அளவு 12 சதவீதம் கொறஞ்சு போச்சு. இது வெறும் வண்டிக்கு. டாலா விளிம்புக்கு மேல தேங்கா மூட்டை அடுக்குனீங்கன்னா மையம் இன்னும் மேல போகும். உங்க இட்டேரியில ஒரு தடம் ஆழம் ஒரு தடம் மேடுன்னா வண்டி ஏற்கனவே சாஞ்சுதானே போகுது.

டயர் வேணும்னா இதையும் பாருங்க. உங்களது 255/65 ஆர் 17 ஆ இருந்தா விட்டம் 763 மில்லி. 265/70 ஆர் 17 போட்டா 803. விட்டத்துல 40 ஏறுது, டிஃபரன்ஷியல் ஏறுறது அதுல பாதி, 20 மில்லி. ஒரு வெரல் அகலம்தான், ஆனா அந்த 20 மில்லி மட்டும்தான் ஹவுசிங்குக்கு நெஜமா கெடைக்கிற ஒசரம். அதுக்கு பதிலா மீட்டர் 60 காட்டும்போது நெஜத்துல 63ல போயிகிட்டு இருப்பீங்க, கியர் நீளமாயிரும், மேட்டுல லோடோட கிளட்ச் எச்சா வழுக்கோணும், ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சா உள் மட்கார்டுல ஒரச வாய்ப்பு இருக்குது.

இன்னொன்னு, ஓட்டற விதம். நடு மேட்டை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விட்டு ஓட்டாதீங்க. ஒரு பக்க சக்கரத்தை மேட்டு மேலயே ஏத்துங்க, இன்னொன்னு வேலி ஓரத்துல போகட்டும், டிஃபரன்ஷியல் பள்ளத்துக்கு மேல வந்துரும். தடம் நெம்ப ஆழமா இருந்து வண்டி சாயற எடத்துல மட்டும் இதைப் பண்ண வேண்டாம். கிளுவையை ரெண்டு பக்கமும் கவாத்து பண்ணி விட்டீங்கன்னா எடம் கெடைக்கும். ஃபோர் வீல் லோ போட்டு ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம இஞ்சினை தானா நடக்க விடுங்க. வேகமா போயி தாண்டிரலாம்னு போனா ஸ்பிரிங் அமுங்குற நேரத்துலதான் பாறை வரும்.

---

சேத்துமடை_தோப்பு:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க, அக்கா நீங்க சொன்னதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல, காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அடியில படுத்துப் பாத்தேன்.

சங்ககிரி அண்ணா, அளவு இதுங்க. முன்னாடி லெப்ட் 478, ரைட் 476, லோடு ஏத்துனாலும் பெருசா மாத்தமில்ல. பின்னாடி வெறும் வண்டியா லெப்ட் 545, ரைட் 522. லோடோட லெப்ட் 470, ரைட் 431. ரெண்டு தடவை அளந்தேன், தப்பில்லீங்க.

சுண்ணாம்பு பூசி ஒரு நடை போனேன், அப்பாவும் கூட நடந்தே வந்து எங்க இடிக்குதுன்னு பாத்துகிட்டு வந்தாரு. மூணு எடத்துல வழிச்சிருக்குதுங்க. பின்னாடி டிரெய்லர் கொக்கி, நான் வாங்கறதுக்கு முன்னாடியே யாரோ போட்டது, அந்தப் பட்டை இரும்பு பம்பருக்கு கீழ ஒரு சாண் தொங்குது, அதுல சுண்ணாம்பே இல்ல, இரும்பு பளபளன்னு இருக்குது. அடுத்தது ரைட் பக்கம் யூ போல்ட் முனை, நட்டுக்கு கீழ ஒன்னரை இஞ்ச் மரை சும்மா நீட்டிகிட்டு இருக்குதுங்க, யாரோ நீளமா வாங்கி வெட்டாம விட்டுட்டாங்க, மரையெல்லாம் மழுங்கிப் போயிருக்குது. டிஃபரன்ஷியல்ல லேசா ஒரு கீறல், அவ்வளவுதான்.

அந்த பிரேக் ராடு எனக்கும் இருக்குதுங்க அக்கா.

---

சங்ககிரி_பட்டறை:

தம்பி லோடு ஏத்துனா லெப்ட் 75 அமுங்குது, ரைட் 91 அமுங்குது. வெறும் வண்டியிலயே 23 மில்லி வித்தியாசம். டிரைவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்கறது எல்லா வண்டியிலயும் உண்டு, 5, 8 மில்லின்னா விட்ரலாம், 23 அப்படி இல்ல. ரைட் செட்டுல ஏதோ ஒரு பிளேட் ஒடஞ்சிருக்குது, நான் பாக்காமயே சொல்றேன். சென்டர் போல்ட்டுக்கு பக்கத்துல, யூ போல்ட் புடிக்கிற விளிம்புல பாருங்க, அங்கதான் ஒடையும். கம்பி பிரஷ்ல தேச்சுட்டு டார்ச்சை சாய்ச்சு அடிங்க. ஒடசல்ல தண்ணி எறங்கி செவப்பா துரு கோடு போட்டிருக்கும். ஒடசலைக் கண்டுபுடிச்சு மாத்தற வரைக்கும் லோடு ஏத்தாதீங்க, மெயின் பிளேட்டுக்கு போச்சுன்னா ஹவுசிங்கே ஒரு பக்கம் பின்னால போயிரும்.

செட்டு கழட்டுனா ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, ரெண்டு பக்கமும். பழைய பிளேட்டை அடுப்புல காய்ச்சி அடிச்சு வளைச்சு தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ஸ்பிரிங் இரும்பு பதம் போயிட்டா ரெண்டு மாசத்துல மறுபடியும் ஒக்காந்துரும். புது பிளேட், புது புஷ், புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமெல்லாம் லாரியும் ரிக்கு வண்டியும் கட்டிக் கட்டி பட்டை வேலை தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க, உங்க பொள்ளாச்சியிலயும் கெடைப்பாங்க. எச்சா ஒரு பிளேட் சேக்கச் சொல்லுவாங்க, வேண்டாம். சேத்தா லோடுல நல்லா நிக்கும், ஆனா காலி வண்டியில உங்க அப்பா உக்காந்து வந்தா இடுப்பு கழண்டுரும்.

கொக்கிய கழட்டி வைங்க, வேணும்கிறப்ப மாட்டிக்கலாம். யூ போல்ட்டு மரை நட்டுக்கு கீழ ரெண்டு மூணு மரை இருந்தா போதும், மிச்சத்தை வெட்டிருங்க.

---

சேத்துமடை_தோப்பு:

பத்து நாள் கழிச்சு வர்றேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணா, நீங்க சொன்ன அதே எடம். ரைட் பக்கம் மேல இருந்து மூணாவது பிளேட், யூ போல்ட் விளிம்புல, துருக் கோடு மயிரிழை மாதிரி இருந்துச்சு, செட்டைக் கழட்டுனதும் ரெண்டு துண்டா கைல வந்துருச்சுங்க. ஒடஞ்ச மொகத்துல பாதி கருப்பு, பாதி வெள்ளையா மின்னுது. கருப்பு பழைய ஒடசலு, மின்னறது இப்ப ஒடஞ்சதுன்னு பட்டறைக்காரரு சொன்னாரு. அப்படின்னா அந்த பாறையில உக்காந்த அன்னைக்குத்தான் மிச்சமும் போயிருக்கோணும். இத்தனை நாளும் அதை வச்சுகிட்டுத்தான் குடும்பத்தோட ஊரூரா போயிருக்கேன்.

பொள்ளாச்சியிலயே ரெண்டு பக்கமும் கம்பெனி அளவுல புது செட்டு, புஷ், யூ போல்ட், பின் ஷாக் ரெண்டும் மாத்தியாச்சு. இப்ப பின்னாடி காலி வண்டியில லெப்ட் 553, ரைட் 549. அதே 800 கிலோ ஏத்தி அளந்தேன், லெப்ட் 491, ரைட் 486. ரைட்ல மட்டும் லோடோட 55 மில்லி ஏறிருக்குதுங்க, 2 இஞ்சுக்கு மேல, ஒரு கட்டையும் வைக்காம. ஸ்பேசர் பிளாக் எதுவும் போடலை. பிரேக் ராடு வால்வையும் செக் பண்ணிட்டாங்க, அது கம்பெனி அளவுலயேதான் இருக்குதாம். கொக்கிய கழட்டி சாளையில மாட்டி வச்சிருக்கேன். டயரு இன்னும் 15,000 ஓடும்போல, அது முடிஞ்சதும் பாத்துக்கலாமுங்க, அப்பவும் அதே அளவுதான் போடறதா இருக்கேன்.

கரட்டுமேடு ப்ரோ, கிளுவைய ரெண்டு நாளா வெட்டி விட்டோம். நீங்க சொன்ன மாதிரி மேட்டு மேல சக்கரத்தை விட்டு ஓட்டுனா டிஃபரன்ஷியல் தட்டவே இல்ல. பள்ளத்துல ஏறுற எடத்துல மட்டும் ஒரு பாறை இருந்துச்சு. அப்பா இட்டேரி பங்காளிக நாலு தோட்டத்துக்காரங்ககிட்டயும் பேசி ஆளுக்கு பங்கு போட்டு மூணு டிப்பர் கிராவல் மண்ணு கொண்டாந்து தடத்தை ரொப்பிட்டாருங்க, அந்த பாறை மண்டையையும் கம்ப்ரசர் வச்சு ஒடச்சாச்சு. நான் வண்டிய தூக்கறதைப் பத்தி பேசிகிட்டு இருந்தேன், அவரு தடத்தை தூக்கிட்டாரு.

நேத்து லோடோட வந்தோம். அப்பா கூடவே உக்காந்து வந்தாரு, எறங்கல.

ஒரே ஒரு சந்தேகம் சங்ககிரி அண்ணா. புது பட்டை கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுது. பக்கத்துல ஒருத்தரு கழிவு ஆயிலை பிரஷ்ல பூசு நின்னுரும்னாரு. பூசலாமுங்களா?

---

சங்ககிரி_பட்டறை:

பூசாதீங்க தம்பி. ஆயில் வழிஞ்சு புஷ் ரப்பரை ஊற வச்சு தின்னுரும், இட்டேரி புழுதி பூரா அதுல ஒட்டி பிளேட் நடுவுல உப்புத்தாளு மாதிரி தேக்கும். புது பட்டைன்னா கொஞ்ச நாளைக்கு சத்தம் வரும், தானா அடங்கும். 500 கிலோமீட்டர்ல யூ போல்ட் முடுக்கப் போகும்போது சொல்லுங்க, வண்டிய ஜாக்கியில தூக்கி பட்டை மேல வெயிட் இல்லாம தொங்கவிட்டா பிளேட் முனை கொஞ்சம் விரியும், அந்த சந்துல கிராஃபைட் கிரீஸ் மட்டும் லேசா தள்ளச் சொல்லுங்க. முடுக்கறதுக்கு போக மறந்துராதீங்க. எத்தனை கிலோமீட்டர் ஆச்சு இப்ப?

---

சேத்துமடை_தோப்பு:

310 ஆச்சுங்ணா. சனிக்கெழமை பொள்ளாச்சி லோடு இருக்குது, எறக்கிட்டு நேரா பட்டறைக்கு போயிர்றேன்.